இலையுதிர்காலத்தில் காட்டு வான்கோழி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வர்ஜீனியாவில் ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு வான்கோழியின் வால் விசிறி மாட்டியிருக்கிறது. பொங்கல் விருந்துக்கோ கொலுவுக்கோ வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கேள்விகள் பெரிதாக மாறவில்லை, கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். அவரவர் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தொகுத்திருக்கிறேன். ஆரம்பக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் மாநிலத்தின் இந்த வருட விதிப் புத்தகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வான்கோழின்னா பண்ணையில வளர்க்கிறதுதானே? காட்டுலயுமா இருக்கு?

காட்டில்தான் முதலில் இருந்தது. வட அமெரிக்காதான் அதற்குத் தாய்மண். பண்ணையில் நாம் பார்ப்பது மெக்சிகோவில் பழக்கப்படுத்தப்பட்ட பறவையின் வாரிசு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு குடியேறிகளின் கப்பலில் அதே பறவை அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. இந்தியாவுக்கும் கடல்வழியாகத்தான் வந்தது. 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அவைக்கு ஒன்று போனது. அவருடைய ஓவியர் மன்சூர் அதை வரைந்து வைத்த படம் இன்றும் இருக்கிறது.

அமெரிக்கக் காடுகளில் ஐந்து கிளையினங்கள் உண்டு: கிழக்கத்தியது, ஃப்ளோரிடாவின் ஓசியோலா, டெக்சாஸ் பக்கத்து ரியோ கிராண்டே, மேற்கு மலைகளின் மெரியம், தென்மேற்கு எல்லையோர கூல்ட். எங்கள் பக்கம் இருப்பது கிழக்கத்தியது. வால் நுனி பழுப்பாக, செம்பு நிறம் கலந்திருக்கும். இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் அதைப் பற்றியே.

சுட்டுக்கிட்டே இருந்தா இனம் அழிஞ்சிடாதா?

ஒருகாலத்தில் அழியத்தான் பார்த்தது. காட்டை வெட்டினார்கள், வரைமுறையில்லாமல் சுட்டு சந்தையில் விற்றார்கள். மாசசூசெட்ஸில் கடைசிக் காட்டு வான்கோழி 1851-இல் போயிற்று. 1930-களில் நாடு முழுக்கச் சேர்த்தாலும் சில லட்சத்தைத் தாண்டாது என்ற நிலை. 1937-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வாங்கி, அதை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1950-களில் பீரங்கி மாதிரிக் குழாய்களால் வலையைப் பறவைகள்மேல் வீசிப் பிடிக்கும் முறை வந்தது. அதன்பிறகு காட்டுப் பறவையையே பிடித்து, அது இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் இப்படி விடப்பட்டவை 37. அவற்றின் வழிவந்தவைதான் இன்று பாஸ்டன் புறநகர்த் தெருக்களில் காரை மறித்துக்கொண்டு நிற்கின்றன.

இப்போது நாடு முழுக்க ஏறத்தாழ 60 லட்சம். ஆனாலும் எல்லா இடத்திலும் நிலைமை நன்றாக இல்லை. தென்கிழக்கிலும் நடுச் சமவெளியிலும் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. கான்சாஸ் மாநிலம் 2023-இலிருந்து இலையுதிர்கால வேட்டையையே நிறுத்திவைத்தது. வேறு சில மாநிலங்களிலும் இந்தப் பருவ வேட்டை கிடையாது.

வான்கோழி வேட்டைன்னா ஏப்ரல்லதானே போவாங்க? அக்டோபர்ல என்ன வேலை?

வசந்தத்தில் சேவல் இணை தேடும். பெட்டையின் குரலை நீங்கள் போட்டால், விசிறியை விரித்து இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு தானே தேடி வரும். மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிற்று என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். விடியற்காலை வெயிலில் அந்தச் செம்பு நிறம் மின்ன அது ஆடுவதை ஒருமுறை பார்த்தால் அந்தக் கேலியைத் திரும்பச் சொல்ல வாய் வராது.

அக்டோபரில் அந்த மோகம் தீர்ந்திருக்கும். சேவல் பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு வேண்டியது இரண்டு: தீனியும் தன் வயதொத்த கூட்டாளிகளும். ஏப்ரலில் கற்றுக்கொண்ட வித்தையை இங்கே கொண்டுவருகிறவர்கள்தான் "காட்டில் ஒரு பறவைகூட இல்லை" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார்கள். பறவை அதே பறவைதான், ஆனால் அக்டோபரில் அதை நகர்த்துவது வயிறு.

கூட்டமா திரியுதுன்னு சொல்றீங்க. எல்லாம் ஒரே கூட்டமா?

இல்லை. மே கடைசி, ஜூனில் பொரித்த குஞ்சுகள் அக்டோபரில் தாய் அளவுக்கு வளர்ந்திருக்கும். இரண்டு மூன்று தாய்களும் அவற்றின் பிள்ளைகளும் சேர்ந்து பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேல் ஒரே கூட்டமாகத் திரியும். குஞ்சு தங்காத பெட்டைகள் தனியாகச் சேரும். பெரிய சேவல்கள் இந்தக் குடும்பக் கூட்டம் எதிலும் ஒட்டாமல் இரண்டு, மூன்று, ஐந்து என்று தனிச் சங்கமாக இருக்கும்.

குளிர் ஏற ஏற, அந்த வருடத்து ஆண் குஞ்சுகள் அடங்காமல் போய்த் தாயின் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து விடலைக் கும்பலாகும். இவர்களை அமெரிக்கர்கள் 'ஜேக்' என்பார்கள். முதிர்ந்ததை 'டாம்' அல்லது 'காப்ளர்'. கூடப் பிறந்த சேவல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. யார் பெரியவன் என்ற சண்டையும் வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். பின்னால் உத்தி பற்றிக் கேட்கும்போது இந்தச் சண்டை உதவும், நினைவில் வையுங்கள்.

இவ்வளவு பெரிய காட்டுல எங்கேன்னு தேடறது?

பறவையைத் தேடாதீர்கள், மரத்தைத் தேடுங்கள். எங்கள் மலைகளில் இலையுதிர்கால வான்கோழியின் வாழ்க்கை ஓக் கொட்டையைச் சுற்றி நடக்கிறது. வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே பருவத்தில் முற்றி, செப்டம்பர் அக்டோபரில் விழுந்து, விழுந்த கையோடு முளைவிடத் தொடங்கும். துவர்ப்புக் குறைவு, அதனால் மான், அணில், கரடி எல்லாவற்றுக்கும் அதன்மேல்தான் கண். சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு வருடம் ஆகும். துவர்ப்பு அதிகம், வசந்தம் வரை முளைக்காமல் தரையில் கிடக்கும். எனவே பருவத்தின் தொடக்கத்தில் வெள்ளை, பிற்பகுதியில் சிவப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம்: வெள்ளை ஓக் இலையின் மடல்கள் விரல்நுனி மாதிரி உருண்டிருக்கும், சிவப்பு ஓக்கில் கூராக முள் மாதிரி முடியும்.

ஒரு வருடம் காய்த்த மரம் மறுவருடம் காய்க்கும் என்று சொல்ல முடியாது. கொட்டை அமோகமாக விழுந்த வருடங்களில் காடு முழுக்கச் சாப்பாடு. பறவைகள் சிதறி, காட்டைவிட்டு வெளியே வராது. வேட்டையில் விழும் எண்ணிக்கை அந்த வருடங்களில் குறையும். காய்ப்புப் பொய்த்த வருடங்களில் அறுத்த மக்காச்சோள வயலுக்கும் புல்வெளிக்கும் இறங்கி வரும், எல்லோர் கண்ணிலும் படும். போன வருடம் பார்த்த இடத்திலேயே போய் உட்காருவது வீண் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஓக் தவிர பீச் (beech) மரத்துக் கொட்டை, காட்டுத் திராட்சை, டாக்வுட் பழம் எல்லாம் தின்னும். உறைபனி விழுவதற்கு முன் வயல் ஓரங்களில் வெட்டுக்கிளி பிடிப்பதையும் பார்க்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் துப்பாக்கி இல்லாமல் நடந்து, எந்த மரம் காய்த்திருக்கிறது என்று தொலைநோக்கியால் உச்சிக் கிளைகளைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பாதி வேட்டை அதிலேயே முடிந்துவிடும்.

தடத்தை வெச்சு சேவலா பெட்டையான்னு சொல்லிடலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். எச்சம் எளிதான சாட்சி: சேவலுடையது நீளமாக, ஒரு முனையில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு உருண்டையாக இருக்கும். நெஞ்சு இறகின் நுனி கறுப்பாக இருந்தால் சேவல், வெளிர்பழுப்பாக இருந்தால் பெட்டை. ஈரமண்ணில் கால் தடம் 4 அங்குலத்துக்கு மேல் போனால் வளர்ந்த சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கோழி குப்பையைக் கிளறுவது மாதிரியேதான் இதுவும் சருகைக் கிளறும், ஆனால் பரப்பு பெரிது. சருகு ஒரு பக்கமாக வீசப்பட்டு முக்கோணம் மாதிரித் தெரியும். கிளறின மண் இன்னும் ஈரமாக, மேலே புதுச் சருகு விழாமல் இருந்தால் இன்று காலை வந்து போயிருக்கிறது. ஏக்கர் கணக்கில் கிளறிப் போட்டிருந்தால் அது குடும்பக் கூட்டம். அங்கங்கே திட்டுத் திட்டாக, ஆழமாக, மூன்று நான்கு பறவை அளவுக்கு மட்டும் என்றால் நின்று எச்சத்தைத் தேடுங்கள்.

அக்டோபர்ல அது கத்தவே கத்தாதா?

கத்தும், குறைவாக. சில்லென்ற தெளிந்த காலைகளில், அடைந்த மரத்தில் இருந்தபடியே ஒன்றிரண்டு தடவை கொக்கரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது பெட்டையை அழைக்கும் குரலாக எனக்குப் படவில்லை, சங்கத்துக்குள் அதிகாரம் காட்டுவதாகவே தோன்றுகிறது. அதை நம்பி வேட்டைத் திட்டம் போடாதீர்கள். மாலையில் கேட்கவேண்டியது வேறு ஒன்று: இருட்டும் நேரத்தில் மரத்துக்கு ஏறும்போது வரும் கனத்த இறக்கைச் சத்தம். கம்பளியை உதறுவது போலிருக்கும். எத்தனை தடவை கேட்டது என்று எண்ணினால் சங்கத்தின் அளவு தெரிந்துவிடும்.

சரி, நான் என்ன சத்தம் போட்டா வரும்?

யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வழிதப்பின குஞ்சின் குரல் "கீ... கீ... கீ" என்று விசில் மாதிரி மூன்று நான்கு முறை ஏறி, கடைசியில் உடைந்த கூவலாக முடியும். பதின்வயதுப் பையனுக்குக் குரல் உடைவது மாதிரி. தாய், பிள்ளைகளைச் சேர்க்க நீளமாக, பத்துப் பதினைந்து கூவல் வரை தொடர்ந்து அழைக்கும். இந்த இரண்டும் குடும்பக் கூட்டத்துக்கு.

பெரிய சேவல் பேசுவது வேறு மாதிரி. அடித்தொண்டையில், கரகரப்பாக, இடைவெளி விட்டு மூன்று கூவல். அவ்வளவுதான். பிறகு நீண்ட மௌனம். நடுவில் ஒரு தனி "க்ளக்". கருவி எதுவானாலும் சரி: மூடியை உரசும் பெட்டி, குச்சியால் தேய்க்கும் சிலேட்டு, வாய்க்குள் வைக்கும் டயாஃப்ரம். அடிக்கடி போடாமல் இருப்பதுதான் கஷ்டம். அரைமணிக்கு ஒரு முறை என்று கடிகாரம் பார்த்துப் போடுகிறேன், இல்லையென்றால் கை நிற்காது.

கூட்டத்தைப் பார்த்ததும் கத்திக்கிட்டே ஓடிக் கலைக்கணுமாமே? கிண்டல் பண்றாங்களா?

கிண்டல் இல்லை. இலையுதிர்கால வேட்டையின் மூத்த உத்தியே இதுதான். கூட்டத்தின் நடுவே பாய்ந்து நாலா திசையிலும் பறக்கவைக்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் பயனில்லை, அவை ஒன்றாகவே இருக்கும். சிதறினபின் கலைத்த இடத்திலேயே ஒரு பெரிய மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மணி நேரம் போனதும் "கீ... கீ" குரலைப் போடுங்கள். தனித்துப்போன குஞ்சுகளுக்குத் தனிமை பொறுக்காது. ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டு திரும்ப ஆரம்பிக்கும். ஓடும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. சருகில் வழுக்கி நான் விழுந்த கதையை வீட்டில் சொல்லவில்லை.

வர்ஜீனியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் இதற்கென்று பழக்கிய நாய்களைப் பயன்படுத்தலாம். நாய் முன்னே போய்க் கூட்டத்தைக் கலைத்துக் குரைக்கும். பிறகு எஜமானர் பக்கத்தில், உருமறைப்புத் துணிக்குள், மூச்சுக்கூடக் கேட்காமல் படுத்திருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரருடைய நாயை முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது எனக்கு வேட்டையே மறந்துவிட்டது.

அதே மாதிரி பெரிய சேவலையும் கலைச்சுக் கூப்பிடலாமா?

கலைக்கலாம், ஆனால் மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு இங்கே செல்லாது. நாலைந்து வயதுச் சேவலுக்குத் தனிமை புதிதில்லை. திரும்ப அரைநாள் ஆகலாம், மறுநாள் காலை ஆகலாம், இரண்டு நாள்கூட ஆகலாம். வரும்போதும் பெரும்பாலும் வாய் திறக்காது. மாலையில் அடையும் நேரத்துக்குச் சற்று முன் கலைத்துவிட்டு, மறுநாள் இருட்டிலேயே அதே இடத்துக்குப் போய் உட்காருவதுதான் எனக்குப் பலித்த வழி. தனித்தனி மரத்தில் இரவைக் கழித்த சேவல்கள் விடிந்ததும் கூட்டாளியைத் தேடும். அப்போது மூன்று கரகரப்புக் கூவல், அதற்குமேல் வேண்டாம்.

இரண்டாவது வழி அந்தச் சண்டை. இரண்டு சேவல் மோதிக்கொள்ளும்போது வரும் கடுமையான உறுமலைச் சிலேட்டுக் கருவியில் கொண்டுவந்து, தொப்பியைத் தொடையில் அடித்து இறக்கை மோதும் சத்தமும் சேர்த்தால், வேடிக்கை பார்க்கச் சில சமயம் மொத்தச் சங்கமும் வரும். தெருச்சண்டையை எட்டிப்பார்க்காத ஆள் உண்டா?

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அடையும் மரத்துக்கும் கொட்டை விழும் மரத்துக்கும் நடுவே உட்கார்ந்து காத்திருங்கள். சலிப்பூட்டும் வழிதான். பெரிய சேவல்களை நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

சோளத்தைத் தூவி வெச்சா வராதா?

வரும். பின்னாலேயே வனத்துறை அதிகாரியும் வருவார். தீனி போட்டு வான்கோழி சுடுவது வர்ஜீனியாவிலும் மற்றப் பெரும்பாலான மாநிலங்களிலும் குற்றம். விவசாயி அறுத்தபின் வயலில் சிந்திக்கிடக்கும் சோளம் வேறு விஷயம்.

'டிராஃபி'ன்னு எதைச் சொல்றாங்க? எடையா, தாடியா?

1973-இல் தொடங்கிய தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எடை பவுண்டுக்கு ஒரு புள்ளி. நெஞ்சிலிருந்து தொங்கும் தாடியின் நீளம் அங்குலத்துக்கு 2 புள்ளி. இரண்டு கால்முள்ளின் நீளத்தையும் கூட்டி அங்குலத்துக்கு 10 புள்ளி. 20 பவுண்டு எடை, 10 அங்குலத் தாடி, காலுக்கு ஒன்றேகால் அங்குல முள் என்றால் 20, 20, 25. மொத்தம் 65. முள்ளுக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். சேவல்சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமில்லை.

முள்ளுக்கு அந்த மதிப்பு நியாயம்தான், வயதை நேர்மையாகச் சொல்வது அது ஒன்றே. அரை அங்குலத்துக்குள் மொட்டையாக இருந்தால் விடலை. முக்கால் அங்குலம் சுற்றி என்றால் இரண்டு வயது. ஒரு அங்குலம் தாண்டிக் கூராக வளைந்திருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல். தாடியை நம்ப முடியாது. நெஞ்சிலிருந்து தொங்கும் அந்தக் கறுப்புக் குஞ்சம் உண்மையில் ஒருவகை இறகு. வருடத்துக்கு நாலைந்து அங்குலம் வளரும், ஆனால் தரையில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். உறைபனி ஒட்டி ஒடிவதும் உண்டு. பெட்டைகளில் சிலவற்றுக்கும் தாடி இருக்கும்.

எடையும் அப்படித்தான். வளர்ந்த கிழக்கத்தியச் சேவல் பொதுவாக 16 முதல் 24 பவுண்டு. சோள வயலோரத்து மூன்று வயதுக்காரன் மலைமேல் இருக்கும் ஆறு வயதுக்காரனைவிடக் கனப்பான். என்னைக் கேட்டால் மலைக்காரன்தான் பெரிய டிராஃபி.

தூரத்துல நிக்கும்போது முள்ளை எப்படிப் பார்க்கிறது?

பார்க்க முடியாது, அதனால் வேறு அடையாளங்களைக் கூட்டிப் பாருங்கள். பெட்டை உடல் பழுப்பு, தலை நீலச்சாம்பல், மெல்லிய மயிரிழைகள் தெரியும். வளர்ந்த சேவல் கறுப்பாகத் தெரியும், தலை வழுக்கையாக, வெயிலில் இறகு வெண்கலம் மின்னும். நடை மெதுவாக, கனத்து இருக்கும். அந்த வருடத்து ஆண் குஞ்சு அக்டோபரில் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் ஒரு குழப்பமான உருவம்; தாடி இறகுக்குள் மறைந்திருக்கும், வெளியே தெரியாது.

விசிறியை விரித்தால் விடலையைக் கண்டுபிடிக்கலாம்: நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்தும். ஆனால் இந்தப் பருவத்தில் விசிறி விரிவதே அபூர்வம். கையில் வந்தபின் உறுதிசெய்ய இறக்கையின் கடைசி நீள இறகைப் பாருங்கள். நுனி கூராக, வெள்ளைப் பட்டை நுனிவரை போகாமல் நின்றிருந்தால் அது இந்த வருடத்துப் பறவை. உருண்ட நுனி, நுனிவரை பட்டை என்றால் வளர்ந்தது.

அதுக்கு மோப்பமே கிடையாதாம். அப்ப ஒளிஞ்சு உட்கார்றதுல என்ன கஷ்டம்?

மோப்பம் மிகக் குறைவு, உண்மைதான். கடவுள் அதைக் கண்ணில் ஈடுகட்டிவிட்டார். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால், கழுத்தைச் சற்றுத் திருப்பினால் சுற்றிலும் தெரிந்துவிடும். நிறமும் நன்றாகத் தெரியும். நீங்கள் மூக்கைச் சொறிவதை 60 கஜத்திலிருந்து பார்த்து, "புட்" என்று ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஓடும். முகமும் கையும் உட்பட மூட வேண்டும். தோள் அகலத்தைவிட அகலமான மரத்தில் சாய வேண்டும். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் துப்பாக்கியை உயர்த்த வேண்டும்.

இருட்டில் மட்டும் அதற்குக் கண் மங்கல். மரத்தில் அடைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்தத் துப்பாக்கி? எவ்வளவு தூரத்துல சுடலாம்?

12 அல்லது 20 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், இறுக்கமான சோக் (குண்டுகள் பரவாமல் குழல்வாயைக் குறுக்கும் பகுதி), 4 முதல் 6-ஆம் எண் ஈயக்குண்டு. குறி தலையும் கழுத்தும் மட்டுமே. உடம்பில் அடித்தால் இறகும் தசையும் தாங்கிக்கொள்ளும், காயத்தோடு போய் எங்கோ சாகும். 40 கஜம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் குண்டு அதைத் தாண்டியும் போகும் என்பார்கள். போகலாம். ஆனால் இலைமறைவில் 50 கஜத்தை 40 என்று நினைப்பது சுலபம், அதனால் முன்கூட்டியே நடந்து அளந்து ஒரு மரத்தை அடையாளம் வைத்துவிடுகிறேன். பென்சில்வேனியா 2021-இலிருந்து இந்தப் பருவத்தில் ரைஃபிளைத் தடைசெய்துவிட்டது. மற்ற இடங்களில் விதி மாறும்.

நான் எச்-1பி விசாவில இருக்கேன். துப்பாக்கியைத் தொட்டாலே பிரச்சினையாகுமா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. உரிமம் வாங்க முதலில் வேட்டைக் கல்வி வகுப்பு முடிக்க வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் அதை இணையத்திலேயே படிக்கலாம்.

உரிமம் காலாவதியான மறுநாள் விதிவிலக்கும் போய்விடும் என்பதுதான் பலர் கவனிக்காத இடம். துப்பாக்கி அலமாரியில் இருக்கும், உரிமம் ஜூனில் முடிந்திருக்கும். மாநிலச் சட்டங்கள் தனி. விசா என்பது விளையாட்டில்லை, எனவே ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள். அதுவரை வில்லோடு போகலாம். இந்தச் சட்டத்தின் கணக்கில் வில் துப்பாக்கி இல்லை. ஆனால் மேலே சொன்ன வான்கோழியின் அந்தக் கண்ணுக்கு முன்னால் வில்லை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனால் தெரியும்.

காட்டுல வேற யாராவது நம்மளை வான்கோழின்னு நினைச்சுச் சுட்டுட்டா?

நீங்கள் உருமறைப்பு உடையில், வான்கோழிக் குரலில் கூவிக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே பயம் நியாயமானது. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் மேலே இருக்கக்கூடாது; சேவலின் தலை நிறம் அதுதான். கைக்குட்டை, காலுறை உட்பட. யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், உரக்கப் பேசுங்கள். சத்தம் வந்த திசையில் பதுங்கிப் போகவே கூடாது, அந்தப் பக்கம் கூவுவது இன்னொரு மனிதராக இருக்கலாம். மான் வேட்டைப் பருவமும் கூடவே வரும்போது பல மாநிலங்களில் ஒளிரும் ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் நடக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபின் தலைக்கு மேலே கிளையில் கட்டிவிடுங்கள்.

இந்தப் பருவத்துல பெட்டையையும் சுடலாம்னு சட்டமே சொல்லுதே. நீங்க ஏன் சுடறதில்லை?

வர்ஜீனியாவில் வசந்தத்தில் தாடியுள்ள பறவை மட்டும், இலையுதிர்காலத்தில் எதுவானாலும் சரி. சட்டப்படி தப்பில்லை, சாப்பாட்டுக்கு இளம்பறவை சுடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், இறைச்சியும் அதுதான் மென்மை. ஆனால் ஒரு சேவல் போனால் மறு ஏப்ரலில் அந்த இடத்தை இன்னொரு சேவல் நிரப்பும். ஒரு பெட்டை போனால் மறு மே மாதத்துப் பத்துப் பன்னிரண்டு முட்டை போகும். இலையுதிர்காலத்தில் பெட்டைகள் அதிகம் விழும் இடங்களில் எண்ணிக்கை வளர்வது மட்டுப்படும் என்பது இந்த அப்பலாச்சியப் பகுதிகளில் பார்த்த விஷயம். எங்கள் பள்ளத்தாக்கில் கடந்த சில வருடமாகக் குஞ்சுகள் குறைவாகத்தான் கண்ணில் படுகின்றன. அதனால் சேவல், இல்லையென்றால் வெறுங்கை.

நாலு வாரமா ஒரே இடத்துல பார்த்தேன். சீசன் தொடங்கின அன்னிக்கு ஒண்ணையும் காணோம். மோப்பம் இல்லாம எப்படித் தெரிஞ்சுது?

அதற்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் செப்டம்பரில் பார்த்தது வெட்டுக்கிளி மேயும் வயலோரத்தில். அதற்குள் உறைபனி விழுந்து வெட்டுக்கிளி செத்தது, வெள்ளை ஓக் கொட்டை விழ ஆரம்பித்தது. மேலே மரத்தைப் பற்றிய பதிலில் சொன்ன கணக்குத்தான். அரை மைல் மேலே ஏறிப் பாருங்கள். வெள்ளை ஓக் தீர்ந்ததும் இன்னொரு முறை இடம் மாறும், அப்போதும் இதே கேள்வியோடு என்னிடம் வருவீர்கள்.

மரம் இருக்கிறது, கொட்டை இருக்கிறது, பறவை மட்டும் இல்லை என்றால் மனிதர்களை யோசியுங்கள். அணில் வேட்டைக்காரர்கள் வந்து போயிருப்பார்கள். அல்லது நீங்களே தினமும் போய் அடையும் மரத்தடியில் நின்று பார்த்திருப்பீர்கள். அடையும் இடத்தை 200 கஜம் தள்ளி நின்று காதால் மட்டும் கண்டுபிடியுங்கள்.

சுட்டாச்சு. அடுத்து என்ன? குழம்பு வைக்கலாமா, இல்லை ரப்பர் மாதிரி இருக்குமா?

முதலில் சட்டப்படி உரிமத்தோடு வரும் வேட்டை அட்டையைக் குறித்து, மாநிலத் துறைக்குத் தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவுசெய்யுங்கள். பிறகு சீக்கிரம் குடலை எடுத்து ஆறவிடுங்கள், அக்டோபர் மதியம் இங்கே வெயில்தான். நெஞ்சுக்கறி இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறி, தட்டையாக நறுக்கி மிளகுப் பிரட்டலாகச் செய்தால் நன்றாக வரும். பெரிய சேவலின் தொடையில் நரம்பு அதிகம். குக்கரில் எட்டுப் பத்து விசில் விட்டு, எலும்பை உருவி, நாட்டுக்கோழிக் குழம்பு மசாலாவில் போடுங்கள். அமெரிக்கர்கள் காலைத் தூக்கி எறிவதைப் பார்த்து என் மாமியார் ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பறவையின் காலையும் எங்களுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

வால் விசிறி வேண்டுமென்றால் அடிச்சதையைத் துளிகூட விடாமல் சுரண்டி, போராக்ஸ் தூளை அப்பி, அட்டையில் விரித்து ஊசி குத்தி, எலியும் பூனையும் எட்டாத உலர்ந்த இடத்தில் சில வாரம் வையுங்கள். தாடிக்கும் அடியில் அதே தூள். முதல் விசிறிக்குச் சதையைச் சரியாகச் சுரண்டாமல் விட்டேன். இரண்டாம் வாரம் கார் நிறுத்தும் அறைக்குள் யாரும் நுழைய முடியவில்லை. சுவரில் இருப்பது மூன்றாவது.